பேரனுக்குப் பெயர் ஒன்றா, இரண்டா?

முதல் பெயர், நடுப் பெயர், கடைசிப் பெயர் என்று மூன்று கட்டம் போட்ட ஃபாரத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வருமான வரிக்காரர்களின் பான் கார்டு விண்ணப்பத்தில் அப்படித்தான் இருந்தது. நம் ஊரில் அதை நிரப்ப உட்காரும் எவருக்கும் நடுக் கட்டத்தில் பேனா நின்றுவிடும். வெள்ளைக்காரனுக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று, தாத்தா பெயரோ மாமன் பெயரோ ஒன்று, குடும்பப் பெயர் ஒன்று என்று மூன்றும் தயாராக இருக்கும். நமக்கோ பெயர் ஒன்று, அதற்கு முன்னால் ஒற்றை எழுத்து ஒன்று. அந்த எழுத்துக்குள் அப்பா ஒளிந்திருப்பார். நடுவில் யாரை வைப்பது?

போன வருடம் என் மகளுக்குத் தலைப்பிரசவம். ஆண் குழந்தை. அந்த ஒரு குழந்தைக்குப் பெயர் வைக்க இரண்டு குடும்பமும் ஒன்றரை மாதம் அல்லாடியதில் நான் தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே சொல்கிறேன். மடியில் பிள்ளையோடு இதைப் படிக்கிற இளம் தாய்மார்களுக்கும், "உன் பேத்திக்கு என்ன பேரு?" என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டு திரியும் பாட்டிமார்களுக்கும் இது உதவட்டும்.

எங்கள் வீடு மதுரையில் காளவாசல். காளவாசல் என்றால் சூளை. இப்போது இங்கே சூளையைப் பார்க்க முடியாது. பைபாஸ் ரோடும், மேம்பாலமும், இரவு பத்து மணிக்கும் ஓயாத ஹாரன் சத்தமும்தான். ஆனாலும் பெயர் போகவில்லை. பஸ் கண்டக்டர் இன்றைக்கும் "காளவாசல் எறங்கு" என்றுதான் சொல்கிறார். வைத்த காரணம் போனபிறகும் பெயர் நின்றுவிடும் என்பதால்தான் இத்தனை யோசனை.

முதலில் ஜோசியர் சொன்னது. குழந்தை ரோகிணி நட்சத்திரம். "ஓ, வ, வி, வு இதுல ஒண்ணுல ஆரம்பிங்க" என்றார். ரோகிணியில் ஆண் பிள்ளை பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று தெருவில் நாலு பேர் வந்து கிசுகிசுத்துவிட்டும் போனார்கள். என் மகன்தான் தாய்மாமன். அவனோ, "ஆகாட்டி என்னம்மா, சங்கிலி போடுற செலவு மிச்சம்" என்று சிரித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டான்.

அடுத்தது மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வம். கருப்பசாமி. முதல் ஆண் பிள்ளைக்குக் 'கருப்பு' என்று சேர்க்காமல் இருந்ததில்லை என்று மாப்பிள்ளையின் பெரியப்பா தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

மூன்றாவது, என் மகளும் மாப்பிள்ளையும் பிள்ளை பிறக்கும் முன்பே தேர்ந்து வைத்திருந்த பெயர்: கவின். இரண்டே அசை, தமிழ்ப் பெயர், ஆங்கிலத்திலும் தடுக்காமல் எழுதலாம். அவர்கள் வேலை பார்ப்பது வெளியூரில். பாவம், யார் வாயிலும் சிதையாத பெயராக வேண்டும் என்று தேடியிருக்கிறார்கள்.

நாலாவதுதான் கனமானது. சம்பந்தி அம்மாவின் வீட்டுக்காரர் 2021-ல் கொரோனா இரண்டாவது அலையில் போய்விட்டார். ஆஸ்பத்திரிக்குள் போனவரை இந்த அம்மா மறுபடி முகம் பார்க்கவில்லை. அவர் பெயர் சொக்கலிங்கம். சம்பந்தி எதுவும் கேட்கவில்லை. பிள்ளையைப் பார்க்க வந்தவர் மடியில் போட்டுக்கொண்டு, "எங்க ஐயா திரும்பி வந்துருக்காரு" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு என் மகளால் 'கவின்' என்று வாய்விட்டுக் கூப்பிட முடியவில்லை. ராத்திரி பால் கொடுத்துக்கொண்டே என்னிடம், "அம்மா, பேர மாத்திடவா?" என்று கேட்டாள். பெற்றவள் ஆசைப்பட்ட பெயரைப் பிள்ளையின் காதருகில் ரகசியமாகச் சொல்கிற நிலைமை எனக்குப் பிடிக்கவில்லை. அந்த அம்மாவின் வாயடைப்பையும் தள்ள முடியவில்லை.

பேரன் என்ற சொல்லே பெயரன்தான். பாட்டன் பெயரைத் தாங்குகிறவன். விஞ்ஞானத்துக்கு நோபல் பரிசு வாங்கிய சுப்பிரமணியன் சந்திரசேகரைப் பாருங்கள். அவருடைய பாட்டனார் சந்திரசேகரன்; அப்பா சுப்பிரமணியன்; பேரன் மறுபடி சந்திரசேகர். அதே பாட்டனாரின் இன்னொரு மகன்தான் சர் சி.வி. ராமன். அந்த 'சி' சந்திரசேகரன்தான். ஒரு பாட்டன் ஒரு வீட்டில் மகனின் முதலெழுத்தாகவும் பேரனின் பெயராகவும் உட்கார்ந்திருக்கிறார்.

பாட்டன் பெயரை வைப்பதில் பழைய காலத்தில் ஒரு தர்மசங்கடம் இருந்தது. மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக்கூடாது. பிறகு எப்படிப் பிள்ளையைக் கூப்பிடுவாள்? எப்படித் திட்டுவாள்? "ஏலே சொக்கலிங்கம், சோத்தத் தின்னுடா" என்று சொல்லிவிட்டு அந்த வீட்டில் குடியிருக்க முடியுமா? அதற்காகத்தான் துரை, ராசா, தம்பி, அப்பு, கண்ணு என்று கூப்பிட ஒரு பெயர் வந்தது. பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் ஒன்று, வாசலில் நின்று கத்த ஒன்று. யோசித்துப் பார்த்தால் நமக்கும் இரண்டு பெயர் பழக்கம் எப்போதும் இருந்திருக்கிறது. இரண்டாவதை ஃபாரத்தில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

பிச்சை, குப்புசாமி என்ற பெயர்களும் அப்படித்தான். முன்னால் பிறந்ததெல்லாம் தங்காமல் போன வீட்டில், அடுத்த பிள்ளையைக் குப்பையில் போட்டு எடுத்து, 'இது சாமி போட்ட பிச்சை' என்று பெயரிடுவார்கள். எமனுக்கே வேண்டாத பெயராக இருந்தால் தங்கும் என்ற நப்பாசை. தமிழ்நாட்டில் 1970-களின் தொடக்கத்தில்கூட, பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கும் மேல் முதல் பிறந்தநாளைக் காணாமல் போயின. 2020-ம் ஆண்டுக் கணக்கில் அது 13. இன்றைய தாய்மார் பிள்ளை பிறக்கும் முன்பே அழகழகாகப் பெயர் தேட முடிகிறதென்றால், தடுப்பூசிக்கும் ஆஸ்பத்திரிப் பிரசவத்துக்கும் அதில் பங்கு உண்டு.

எங்கள் மதுரையிலேயே பாருங்கள், பெயர் எத்தனை விதமாக அமைந்திருக்கிறது என்று. எம்.எஸ். சுப்புலட்சுமி: 'எம்' மதுரை, 'எஸ்' அவருடைய அம்மா சண்முகவடிவு. அம்மா பெயரை முதலெழுத்தாக வைத்துக்கொண்டே உலகம் சுற்றி வந்தார். டி.எம். சௌந்தரராஜன்: 'டி' தொகுளுவா என்ற சௌராஷ்டிரக் குடும்பப் பெயர், 'எம்' அவருடைய அப்பா மீனாட்சி ஐயங்கார். ஆண்பிள்ளைக்கு மீனாட்சி என்று பெயர் வைக்க மதுரைக்காரர்கள் கூச்சப்பட்டதில்லை. அவர் பெயரில் மேலே சொன்ன மூன்று கட்டமும் தானாகவே நிரம்புகிறது, கவனித்தீர்களா? காளவாசலிலிருந்து கொஞ்ச தூரத்தில், திருப்பரங்குன்றத்துப் பக்கம் விளாச்சேரி. அங்கே 1870-ல் பிறந்த வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியார் 'வி' என்று ஊரையும் 'கோ' என்று தகப்பனார் கோவிந்தனையும் சுமந்தார். பிறகு தம் பெயரையே தமிழாக்கிச் சூரியனைப் பரிதி, நாராயணனை மால், சாஸ்திரியைக் கலைஞர் என்று மாற்றிப் பரிதிமாற் கலைஞர் ஆனார்.

இன்னொருவர், கூகுள் கம்பெனியின் சுந்தர் பிச்சை. 1972-ல் இதே மதுரையில் பிறந்தவர். அவருடைய பெயர் சுந்தரராஜன். நம் கள்ளழகரின் பெயர். பிச்சை என்பது அப்பா பெயரில் இருப்பது. ஊரில் இருந்திருந்தால் 'பி. சுந்தரராஜன்' என்று போர்டு மாட்டியிருப்பார். அங்கே போனதும் முன்னெழுத்து பின்னால் போய் முழுப்பெயராக விரிந்தது. இவருக்கு நன்றாகவே பொருந்திவிட்டது. எல்லோருக்கும் அப்படி அமையாது. செஸ் விஸ்வநாதன் ஆனந்தை வெளிநாட்டார் செல்லமாக 'விஷி' என்கிறார்கள். விஸ்வநாதன் அவருடைய அப்பா!

என் மகன் கதையும் அதேதான். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்காக வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான். பாஸ்போர்ட்டில் முன்னெழுத்தை விரித்ததில் அப்பா பெயர் கடைசிப் பெயராகிவிட்டது. அந்த ஊர்க்காரர்கள் சிலர் மரியாதையாக அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள். கம்ப்யூட்டருக்குள்ளிருந்து அந்தப் பெயர் கேட்டதும், அடுக்களையில் காபி ஆற்றிக்கொண்டிருக்கும் என் வீட்டுக்காரர், "யாரு என்னையக் கூப்பிட்டது?" என்று எட்டிப் பார்க்கிறார்.

இது சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாததும் உண்டு. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு நாடுகள் ஓர் உத்தரவு போட்டன: பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவிலும் விசிட் விசாவிலும் உள்ளே வர முடியாது. நம்மைப் போன்ற ஒற்றைப் பெயர்க்காரர்கள் திகைத்துப்போனார்கள். சில நாளிலேயே, பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்க்காரரின் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அடித்துக் கொடுப்பார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். பெற்றவர்கள் பார்த்துப் பார்த்து வைத்த பெயருக்கு இப்படி ஒரு கதி!

கடைசிப் பெயர்க் கட்டம் நமக்கு ஏன் காலியாக இருக்கிறது என்றும் ஒரு வார்த்தை. மற்ற மாநிலங்களில் பெரும்பாலும் அங்கே ஜாதிப் பட்டம் வந்து உட்காரும். 1929-ல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டம் போடுவதை விட்டுவிடச் சொன்னது. நம் ஊர் அதைக் கேட்டுக்கொண்டது. அந்தக் கட்டம் காலியாக இருப்பது எனக்குப் பெருமைதான். அதை நிரப்புவதற்காகப் பழைய வாலைத் தேடி ஒட்டிக்கொள்ளாதீர்கள், அப்பா பெயரையோ அம்மா பெயரையோ போடுங்கள்.

இனி எங்கள் வீட்டு வழக்குக்கு வருகிறேன்.

மகளும் மாப்பிள்ளையும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். முதல் பெயர் கவின், அதில் மாற்றமில்லை. நடுவில் தாத்தா. கடைசியில் அப்பா. "கவின் சொக்கலிங்கம்" என்று எழுதி, பின்னால் மாப்பிள்ளையின் பெயரையும் சேர்த்துச் சொல்லிப் பார்த்தால் மூச்சு வாங்குகிறது. கருப்பசாமியையும் சேர்த்தால் பரீட்சை ஃபாரத்தில் கட்டம் போதாது. ஜோசியர் எழுத்து வேறு மிச்சம் இருக்கிறது.

நான் ஒரு காரியம் செய்யச் சொன்னேன். "மொட்டை மாடிக்குப் போய்ச் சத்தமாகக் கூப்பிட்டுப் பாருங்க." பெயர் எழுதுவதற்கு முன்னால் கூப்பிடுவதற்கு. நோட்டில் அழகாகத் தெரிவது வாயில் நிற்காது. கவினோடு 'நம்பி' சேர்த்தால் இரண்டு னகர நகரமும் ஒட்டிக்கொண்டு 'கவினம்பி' ஆகிறது. 'ஆதவன் மாதவன்' என்றால் இரட்டைப் பிள்ளைகளைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. 'சிவா ஆதித்யா' என்று வேகமாகச் சொன்னால் எங்கே ஒன்று முடிந்து எங்கே அடுத்தது தொடங்கியது என்று தெரிவதில்லை. முதல் பெயர் உயிரெழுத்தில் முடிந்தால் இரண்டாவது மெய்யில் தொடங்கட்டும். முதல் பெயர் குட்டையாக இருந்தால் இரண்டாவது கொஞ்சம் நீளலாம்; இரண்டுமே நீளமாக இருந்தால் பிள்ளை கையெழுத்துப் போடும் வயதில் உங்களைத்தான் திட்டுவான். அர்த்தத்தையும் பாருங்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் 'சூர்யா சந்திரன்' என்று வைக்க இருந்தார்கள். பகலா ராத்திரியா என்று நான் கேட்டதில் மாற்றிவிட்டார்கள்.

முதலெழுத்தையும் சேர்த்துச் சொல்லிப் பார்க்க மறக்காதீர்கள். 2021 டிசம்பரில் வந்த அரசாணைப்படி பள்ளி, கல்லூரி மாணவர்களின் முதலெழுத்தைத் தமிழிலேயே எழுத வேண்டும். அப்பா குமார், பிள்ளை ரங்கன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலீஷில் 'கே. ரங்கன்' கம்பீரமாக இருக்கும். தமிழில் சேர்த்துப் படித்தால் குரங்கன்! அப்பா சின்னசாமியானால் சிரங்கன்! வகுப்பில் நாற்பது பிள்ளைகளில் ஒருத்தன் கண்டுபிடித்தால் போதும், பன்னிரண்டு வருடம் பின்னால் வரும்.

மொட்டை மாடியில் 'சொக்கலிங்கம்' நாலாவது தடவை சொல்லும்போதே மாப்பிள்ளை, "அப்பாவ யாரும் முழுசாக் கூப்பிட்டதில்ல அத்தை. ஊரே சொக்கன்தான்" என்றார்.

கவின் சொக்கன்.

சொல்லிப் பார்த்தோம். நின்றது. பக்கத்து வீட்டு ரிட்டயர்டு தமிழ் டீச்சர் அம்மா கேட்டுவிட்டு, "கவின்னாலும் அழகு, சொக்கன்னாலும் அழகன். நம்ம மீனாட்சி வீட்டுக்காரர் பேரு. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தள்ளாது" என்றார். அதைக் கேட்டதும் என் மகள் முகத்தில் ஒன்றரை மாதத்துக்குப் பிறகு தெளிவு வந்தது.

சம்பந்தி அம்மாவிடம் போனில் சொல்லவில்லை. நேரில் போய்ச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "மதினி, அவரு பேர நான் இத்தன வருசத்துல ஒரு தடவகூடச் சொன்னதில்ல. ஆஸ்பத்திரில பேசண்ட் பேரு என்னன்னு கேட்டப்பகூட என் மகன்தான் சொன்னான்" என்றார். "இப்ப எப்படி வாய் வரும்?" என் மகள் பிள்ளையை அவர் மடியில் வைத்தாள். "நீங்க கவின்னு கூப்பிடுங்க அத்தை. உங்களுக்கு எப்ப வருதோ அப்ப மத்ததச் சொல்லுங்க."

குலதெய்வப் பெயர் விஷயத்தில் பெரியப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். கோயிலில் முடி இறக்கும்போது கருப்பு என்று பூசாரி மூன்று தடவை சொல்லட்டும், சர்ட்டிபிகேட்டில் வேண்டாம் என்று பேசி முடித்தோம். அவர் முழு மனதாக ஒத்துக்கொண்டார் என்று நான் சொல்லமாட்டேன். ஜோசியர் எழுத்தை விட்டுவிட்டோம். அதைப் பெரிதாக நினைப்பவர்கள் நட்சத்திர எழுத்தில் ஒரு பெயரைத் தொட்டிலில் சொல்லி வைத்துக்கொள்ளலாம். எண்கணிதம் என்று சொல்லி இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கில் இரண்டு 'ஏ'யும் மூன்று 'எச்'சும் சொருகுவதை மட்டும் நான் ஆதரிக்கவே மாட்டேன். பிள்ளை ஆயுசு முழுக்க ஒவ்வொரு கவுண்ட்டரிலும் நின்று எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டும்.

ஸ்பெல்லிங் என்றதும் ஞாபகம் வருகிறது. சொக்கனை 'எஸ்' போட்டு எழுதுவதா, 'சி-எச்' போட்டு எழுதுவதா? மாப்பிள்ளையின் எல்லாச் சான்றிதழிலும் அவர் அப்பாவுக்கு 'எஸ்'தான் இருக்கிறது. ஆகவே பேரனுக்கும் 'எஸ்'. ழகரம் வரும் பெயர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். எழிலை வடக்கே போனால் எப்படியெல்லாமோ படிக்கிறார்கள். அழகான பெயர், விட வேண்டாம். ஒரு ஸ்பெல்லிங்கைத் தீர்மானித்து எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள்.

இடைவெளியும் ஓர் எழுத்து மாதிரிதான். சி.வி. ராமனின் பெயர் உண்மையில் வெங்கடராமன் என்ற ஒரே சொல். படிக்கிற காலத்தில் இரண்டாகப் பிரிந்து, வெங்கட 'வி' ஆகி, உலகத்துக்கு அவர் ராமன் ஆனார். பாலமுருகன், முத்துக்குமார், செந்தில்குமார் என்று வைக்கிறவர்கள் சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். பிரித்தால் பின்பாதி கடைசிப் பெயராகிவிடும். ஒரு சான்றிதழில் சேர்த்தும் இன்னொன்றில் பிரித்தும் இருந்தால் இரண்டு ஆள் ஆகிவிடும்.

பெயர் சூட்டும் நாளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் அத்தைக்காரி மடியில் வைத்துக் காதில் மூன்று தடவை பெயர் சொல்வாள். காதோடு வாய் வைத்துக் கத்த வேண்டாம், மெல்லச் சொன்னால் போதும். சர்க்கரைத் தண்ணீர், கருப்பட்டித் தண்ணீர், தேன் என்று நாக்கில் தொட்டு வைக்கும் சேனையை நாங்கள் செய்யவில்லை. ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனமும் நம் டாக்டர்களும் சொல்வது. தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது. தேனில் ஒருவகைக் கிருமியின் விதைகள் இருக்கலாம். பெரியவர்களை அது ஒன்றும் செய்யாது, பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நச்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்க வைக்கும், மூச்சே திணறும். சம்பந்தி வீட்டு ஆச்சி ஒருவர் தேன் பாட்டிலோடு வந்திருந்தார். "ஆச்சி, அது எங்களுக்கு, தோசைக்குத் தொட்டுக்கிறோம்" என்று என் மகன் வாங்கி உள்ளே வைத்துவிட்டான். சாம்பிராணிப் புகையைத் தொட்டிலுக்கு எட்ட வைத்தோம். வந்தவர்கள் எல்லோரும் கன்னத்தில் முத்தமிட விடவில்லை. பிரசவித்தவளை மூன்று மணி நேரம் பட்டுப் புடவையில் நாற்காலியில் உட்கார வைக்கவும் இல்லை. பெயர் சொல்லி முடிந்ததும் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

எந்தப் பெயரைக் கூப்பிடப் போகிறீர்களோ அதை முதல் நாளிலிருந்தே கூப்பிடுங்கள். 1995-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தார்கள். நாலரை மாதக் குழந்தைகள், மற்றப் பெயர்களைவிடத் தங்கள் பெயரின் ஒலியை அதிக நேரம் கவனித்துக் கேட்டன. ஒன்பது மாதவாக்கில் பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்கும். பின்னாலிருந்து கூப்பிட்டும் திரும்பவில்லை, சத்தத்துக்கும் அசையவில்லை என்றால் 'பையன்னா லேட்டாத்தான் வரும்' என்று இருந்துவிடாமல் டாக்டரிடம் காட்டிக் காதைப் பரிசோதித்துவிடுங்கள். எங்கள் கவின் அஞ்சாவது மாதத்திலேயே திரும்பினான், பாட்டி பெருமைக்காகச் சொல்லிக்கொள்கிறேன்.

இனி ஆபீஸ் வேலை. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஆஸ்பத்திரியில் பிறந்தால் அவர்களே தகவல் அனுப்பிவிடுவார்கள். பிரசவம் எந்த ஊரிலோ அந்த ஊரில்தான் பதிவு. தாய் வீட்டுக்கு வந்து பெற்றுக்கொண்டு போகும் பெண்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மதுரையில் பிறந்த பிள்ளைக்குக் கோயம்புத்தூரில் போய் நின்றால் நடக்காது. பெயர் அப்போதே முடிவாக வேண்டும் என்பதில்லை. பெயர் இல்லாமலே பதிந்துவிட்டு, 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆகவே ஆஸ்பத்திரியில் ஃபாரத்தை நீட்டும்போது அவசரத்தில் வாய்க்கு வந்ததை எழுதிக் கொடுக்காதீர்கள். எழுத்துப் பிழையைத் திருத்த வழி உண்டு. எழுதிய பெயரையே மாற்றுவது லேசில் நடக்காது.

முன்பெல்லாம் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் எழுதியதுதான் பெயர், அவர் போட்டதுதான் பிறந்த தேதி. இப்போது அப்படி இல்லை. 2023-ல் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். அந்த வருடம் அக்டோபர் 1-ம் தேதியும் அதற்குப் பிறகும் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளி, லைசென்ஸ், வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கான ஆதாரம் இந்தப் பிறப்புச் சான்றிதழ்தான். பாஸ்போர்ட்டில் முன்னெழுத்தை எழுத்தாக ஏற்பதில்லை, விரித்துத்தான் எழுத வேண்டும். எங்கள் வீட்டில் 'கவின் சொக்கன்' பிள்ளையின் பெயர், மாப்பிள்ளையின் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் என்று முடிவு செய்து, பிறப்புச் சான்றிதழிலிருந்தே அந்த வரிசையில் போனோம். அப்பா பெயர், அம்மா பெயர் இரண்டும் அவரவர் ஆதாரில் இருப்பதுபோல எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். என் மகள் கல்யாணத்துக்குப் பிறகு முன்னெழுத்தை மாற்றிக்கொள்ளாததால் அந்தத் தலைவலி இல்லை. மாற்றிக்கொண்டவர்கள் எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி மாற்றியிருக்கிறீர்களா என்று பிரசவத்துக்கு முன்பே பாருங்கள். அஞ்சு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு எடுக்கும் நீல நிற ஆதாருக்கும் அந்தப் பெயரே வரட்டும்.

சான்றிதழை இப்போது இணையத்திலேயே எடுத்துக்கொள்ள முடிகிறது. எடுத்ததும் மடித்துப் பீரோவில் வைக்காதீர்கள். தமிழில் ஒரு தடவை, இங்கிலீஷில் ஒரு தடவை, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படியுங்கள். எங்கள் சான்றிதழை மாப்பிள்ளை படித்தார், மகள் படித்தாள், நான் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். கடைசியில் சம்பந்தி அம்மா வாங்கினார். அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். "க, வி, ன்" என்று நிறுத்திக் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்ததையும் படித்தார், சத்தமாகவே.